பிரிட்ஜ் செருப்பு

மாதா சத்தியம், என் கண்ணு சத்தியம், இதில் ஒரு சொல் பொய் இருந்தால் நாளைக்கு என் குழம்பில் மீன் இல்லாமல் முள் மட்டும் மிதக்கட்டும். போன தடவை சொன்ன திருக்கை கதையில் வால் கொஞ்சம் நீண்டுபோனது உண்மைதான். அது மீன், சொல்லச் சொல்ல வளரும். இது மச்சாது சார் கதை, வளராது. தூத்துக்குடியில் கடற்கரை ரோட்டுக்குப் பின்சந்தில், உப்புக்காற்று சுவரைத் தின்றுகொண்டிருக்கிற மச்சு வீடு. பிசிக்ஸ் வாத்தியார், ரிட்டயர்டு. அவர் மனசுக்குள் ஓடியது உமக்கு எப்படி வே தெரியும் என்று கேட்பீர்கள், கேளுங்கள், ஆனால் முதலில் அவர் உட்கார்ந்திருக்கிற லட்சணத்தைப் பாருங்கள்: சொந்த வீட்டில், சமையல்கட்டு வாசலில், நட்ட நடுவே நாற்காலி போட்டு, பிரிட்ஜுக்குக் காவல்.

கரண்ட் இல்லை. அதுதான் இந்த மத்தியானத்தின் ஒரே நிம்மதி என்று நினைத்தார், நினைத்த கையோடு இது ஒரு நிம்மதியா என்றும் நினைத்தார். பராமரிப்பு வேலை என்று மாதம் ஒரு நாள் ஊரையே நிறுத்திவைப்பார்கள். காலையில் மகள் ஆஸ்லின் பிள்ளையோடு ஆட்டோவில் வந்து இறங்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. எல்லாரும் நின்றுபோன விசிறியைப் பார்த்து உச்சுக்கொட்ட, அவர் மட்டும் துண்டால் முகம் துடைக்கிற சாக்கில் மூச்சை விட்டார். இப்போது பேத்தி மிலா பிரிட்ஜ் கதவில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். வெறுங்கால். டம்ளர் தண்ணீரைத் தரையில் கவிழ்த்து, அதற்குள்ளேயே நின்றுகொண்டு, ஈரக் கையால் கதவை டப் டப் என்று அடிக்கிறாள். அடி, தங்கம், அடி, இன்றைக்கு அது வெறும் தகர அலமாரி, அதற்குப் பல் இல்லை. சாயங்காலம்தான் வரும் என்றார்கள். வேலை முடிந்தால் முன்னாலேயே விட்டுவிடுவார்கள். போன மாதம் காபிக்கு முன்னாலேயே வந்துவிட்டது; அதற்கு முந்தின மாதம் விளக்கு வைக்கிற நேரம் ஆயிற்று. அப்படியானால் இன்றைக்கு? பையன்களுக்கு மின்சாரம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்த மனுஷனுக்கு அது எப்போது வரும் என்று தெரியவில்லை. மழை வருவதற்கு முன்னால் வாசம் வரும், கடன்காரன் வருவதற்கு முன்னால் இருமல் வரும், கரண்ட் மட்டும் வந்த பிறகுதான் வந்தது தெரியும். "மிலாக்குட்டி, தாத்தாகிட்ட வா." வரவில்லை. "அம்மாவும் பாட்டியும் கடையிலேர்ந்து மக்ரூன் மிட்டாய் வாங்கிட்டு வருவாங்க, வா." திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், கீழே ஒரு பல்லும் மேலே அரைப் பல்லும். இந்தச் சிரிப்புக்காகத்தான். இந்தச் சிரிப்புக்காகத்தான் அந்தப் பொய். இல்லை, பிள்ளை மேல் பழியைப் போடாதே, மச்சாது, பொய் உன்னுடையது, பிள்ளைக்குப் பல்லே இப்போதுதான் முளைக்கிறது.

செருப்பு இல்லாத பிரிட்ஜைப் பார்க்க அவருக்கே என்னவோ போலிருந்தது. அந்த வீட்டில் பிரிட்ஜ் வந்த நாளிலிருந்து அதன் முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். வாசல் செருப்பு வாசலில், கக்கூஸ் செருப்பு கக்கூஸில், பிரிட்ஜ் செருப்பு பிரிட்ஜில். போட்டுக்கொண்டு திறந்தால் ஒன்றும் செய்யாது, போடாமல் தொட்டால் முழங்கை வரை சுருக்கென்று ஏறும். வார் அறுந்தால் சம்சாரம் பிலோமி அன்றைக்கே வேறு ஜோடி வாங்கிவிடுவாள், உப்பு தீர்ந்தால் உப்பு வாங்குவது போல. அந்த வீட்டுப் பூனை இருந்ததே, அது தரையிலேயே கால் வைக்காது. சாக்கு விட்டுச் சாக்கு, பலகை விட்டுப் பலகை என்று தாவியே சமையல்கட்டைக் கடக்கும், நான் பார்த்திருக்கிறேன். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் குளிர்ந்த தண்ணீர் கேட்டுத் தானே எடுத்துக்கொள்ளப் போனபோது, "சாமி, செருப்பு போட்டுக்கிடுங்க" என்று பிலோமி ஓடினாள். "வீட்டுக்குள்ளயாம்மா?" என்றார் அவர், கையில் தீர்த்தச் செம்பு. சார் முந்திக்கொண்டு, "தரை ரொம்பக் குளிரும், சாமி" என்றார். சித்திரை மாதம். தூத்துக்குடியில். சாமியார் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். அந்தப் பார்வை இன்னும் போகவில்லை, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதெல்லாம் கம்பிவலைக்குப் பின்னால் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. ஆஸ்லின் காலேஜில் சேர்ந்த புதிதில் கூட்டாளி வீட்டுக்குப் போய், பிரிட்ஜ் முன்னால் நின்று, "இதுக்குச் செருப்பு எங்கடி?" என்று கேட்டாளாம். அந்த வீடே சிரித்ததாம். லீவில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சாரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, உலகத்தில் எல்லா பிரிட்ஜுக்கும் செருப்பு உண்டு என்று நம்பி வளர்ந்த பிள்ளையைப் பெற்றவன் பிசிக்ஸ் வாத்தியார் என்பது முள் மாதிரி உள்ளே மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்டது அங்கேயே இருக்கிறது. எர்த் இருந்தால் கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போகும், எர்த் இல்லாவிட்டால் மனுஷன் வழியாகப் போகும், எழுதிக்கிடுங்கல, என்று எத்தனை பையன்களுக்குச் சொல்லியிருப்பார். வீட்டில் இருப்பது ரெண்டு துளை பிளக். தாத்தா காலத்தது. துணி சுற்றிய ஒயர், தேக்குச் சட்டத்துக்குள் ஓடுகிறது; சட்டம் மட்டும் இன்னும் பளபளப்பு. அந்தத் தாத்தா முதன்முதலில் பல்பு போட்ட அன்றைக்கு அதைப் பார்க்க மணப்பாட்டிலிருந்து ஜனம் வள்ளம் கட்டிக்கொண்டு வந்ததாகவும், வெளிச்சத்தைத் துணியில் முடிந்து கொண்டுபோக ஒரு கிழவி முயற்சி பண்ணியதாகவும் சார் எல்லாரிடமும் சொல்வார். ஒயரிங் பழசு என்று யாராவது சொன்னால், பழசு இல்ல வே, பரம்பரை என்பார். பரம்பரை இப்போது ஈரக் கையோடு கதவை அடித்துக்கொண்டிருக்கிறது.

மாத்தியாச்சு. அந்த ஒரு சொல்தான். போன தடவை வந்தபோது மாப்பிள்ளை நடுச்சாமத்தில் தண்ணீர் எடுக்கப் போய் அலறிய அலறலில் மிலா தூக்கத்தில் வீறிட்டாள். அப்போது அவள் மடிப்பிள்ளை. மறுநாள் கிளம்பும்போது ஆஸ்லின், "அப்பா, ஒயரிங்க மாத்துங்க. மாத்துற வரைக்கும் பிள்ளையக் கூட்டிட்டு வரமாட்டேன், கோவிச்சுக்கிடாதிய" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள், அதனால்தான் அது தைத்தது. பிறகு போனில் பிள்ளை கவிழ்ந்தது, தவழ்ந்தது, எழுந்து நின்று ரெண்டு எட்டு வைத்து விழுந்தது. போனுக்குள் விழுகிற பிள்ளையை எப்படித் தூக்குவது? "மாத்திட்டியளாப்பா?" என்று கேட்டாள். "மாத்தியாச்சு" என்றார். வாய் சொல்லிவிட்டது. நாளைக்கு மாற்றிவிட்டால் இன்றைக்குச் சொன்னது பொய்யாகாது என்று ஒரு கணக்கு வேறு. பக்கத்தில் பிலோமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை ஒரு நொடி நின்றது, அவ்வளவுதான், மறுபடி உருவ ஆரம்பித்தாள். அவளுக்கும் பிள்ளையைப் பார்க்க வேண்டும். மாத்தியாச்சு. அதற்குப் பிறகு அவர் செய்த காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் நாற்காலியில் உடம்பு தானாகவே குறுகுகிறது. கடைக்குப் போய், கேட்டவரிடம் பக்கத்து வீட்டுக்கு என்று சொல்லி, பளபளவென்று வெள்ளைச் சுவிட்சுகள் வாங்கிவந்து, பழைய கறுப்புக் குமிழ்களைக் கழற்றிவிட்டு, அதே துணி ஒயரில் அதே இடத்தில் பொருத்தினார். முறுக்கும்போது ஒயர் துணி பொடிப்பொடியாக உதிர்ந்தது, அதைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினார். காலையில் ஆஸ்லின் வந்ததும் சுவரைப் பார்த்தாள், வெள்ளைச் சுவிட்சைப் பார்த்தாள், நேரே சமையல்கட்டுக்குப் போய்ப் பிரிட்ஜ் முன்னால் வெறும் தரையைப் பார்த்தாள். "செருப்பக் காணோம்! நிஜமாவே மாத்திட்டிய." ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். செருப்பு அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது. அவர் ஒளித்து வைக்கவில்லை. பிலோமி. மகள் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பெற்றெடுத்து வளர்த்துக் கட்டிக்கொடுத்த வரைக்கும் வீட்டில் பொய் சொல்ல அவர் ஒருத்தர்தான் இருந்தார். இப்போது அவளையும் கெடுத்தாயிற்று.

ஏன் மாற்றவில்லை? சும்மா மாற்ற வேண்டியதுதானே? இதைத்தான் அவரும் கேட்டுக்கொள்கிறார், கேட்கிறபோதெல்லாம் மனசு எலக்ட்ரீஷியன் செல்வின் கடைப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வருகிறது. இந்த ஊரில் ஒயர் வேலை பார்க்கிற எல்லாரும் அவரிடம் படித்தவர்கள். எவனைக் கூப்பிட்டாலும் முதலில் மெயின் போர்டைத்தான் திறப்பான். திறந்தால் பியூஸ் கட்டையை உருவுவான். உருவினால், அதற்குள்ளே. வேண்டாம். பார்க்கவே வேண்டாம் என்றுதான் போர்டுக்கு முன்னால் மாதா படத்தை மாட்டி வைத்திருக்கிறார். ஆஸ்லின் நிச்சயதார்த்தம் அன்றைக்குச் சீரியல் லைட், ரேடியோ செட், வாடகை விசிறி எல்லாம் போட்டதில் பியூஸ் போனது. மாற்றினார், போனது. மறுபடி மாற்றினார், சம்பந்திகள் வாசலில் இறங்கும்போது மறுபடி இருட்டு. அந்த இருட்டில் பிலோமியின் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, மடித்து, பியூஸ் கம்பிக்குப் பதிலாகக் கட்டைக்குள் முறுக்கினார். வெளிச்சம் வந்தது, அப்புறம் போகவே இல்லை. "சார்னா சார்தான்" என்றார்கள். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் பிலோமியின் கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. பார்க்கிறவர்கள், மகளுக்கு நிச்சயம், அம்மாவுக்குத் தலை வாரக்கூட நேரமில்லை பாவம் என்கிறார்கள். அந்த ஊசி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எது சூடானாலும் உருகாது, ஒயர்தான் உருகும், உத்தரம்தான் தீப்பிடிக்கும். போன வாரம்கூட போர்டுப் பக்கம் சுட்ட ரப்பர் வாசம் அடித்தது. ஊதுவத்தி கொளுத்தி வைத்தார். ஊதுவத்தி. பிசிக்ஸ் வாத்தியார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள், பியூஸ் திரும்பத் திரும்பப் போனா என்னல செய்வ என்று கேட்டதற்குச் செல்வின் எழுந்து, "தடிச்ச கம்பியா வச்சிரலாம் சார்" என்றான். வகுப்பு சிரித்தது. அவரும் விடவில்லை. "நீ வீட்டக் கொளுத்திருவல. கொள்ளிக்கட்ட" என்று பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார். கொள்ளிக்கட்டை செல்வின். இன்றைக்கு வரைக்கும் அவன் கடையைக் கேட்டால் கொள்ளிக்கட்டை கடை என்றுதான் வழி சொல்கிறார்கள். அவன் பொண்டாட்டியைக் கொள்ளிக்கட்டை பொண்டாட்டி என்கிறார்கள். ரோட்டில் பார்த்தால் இன்னும் சைக்கிளை விட்டு இறங்கி, "சார், சாப்பிட்டியளா" என்கிறான். சாப்பிட்டேன்டா. உன் பதிலை எடுத்து என் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, பேரை உனக்கு வைத்துவிட்டு, நன்றாகச் சாப்பிட்டேன்.

டப் டப். மிலா இப்போது பிரிட்ஜ் கைப்பிடியில் தொங்குகிறாள், நாக்கை நீட்டிக் கதவை நக்கிப் பார்க்கிறாள். அவர் எழுந்தார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை, பிரிட்ஜ் ஒயரைப் பிடுங்கவா, அதற்குச் சுவிட்ச் கிடையாது, பிளக்கும் அலமாரிக்குப் பின்னால், கை எட்டாது. மெயின் கைப்பிடியை இறக்கவா, அது துருவேறி, அப்பா செத்த வருஷத்திலிருந்தே அசையாது. கட்டையைத்தான் உருவ வேண்டும். கரண்ட் இல்லாத இந்த நேரத்தில்தான் உருவ முடியும். வந்துவிட்டால் அந்த விரிசல் விட்ட பீங்கானைத் தொட அவருக்குத் தைரியம் கிடையாது. உருவினால் என்ன ஆகும்? ஊருக்கு வெளிச்சம் வரும், இந்த வீட்டுக்கு வராது. ஏன் வரவில்லை என்பாள். செல்வினைக் கூப்பிடு என்பாள். வருவான், சைக்கிளை விட்டு இறங்குவான். வேண்டாம். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டால் போதாதா? இன்று தூக்கி வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு? தூங்கிவிட்டால்? கண்ணை மூடி இருமினால்? பிள்ளையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு முக்காலியை இழுத்துப்போட்டு ஏறினார். மாதா படத்தை ஒதுக்கினார். ஒதுக்கும்போது மாதா எங்கேயும் பார்க்காமல் தன் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டடை, பல்லி முட்டை, அந்த வாசம். மிலா பழக்கப்பட்டவள் போலக் கையை நீட்டினாள், "தா" என்றாள். "இது தொடக்கூடாது, தங்கம்." இப்போது வந்தால்? இந்த நொடியில், கை கட்டையில் இருக்கும்போது, இடுப்பில் பிள்ளையோடு? கை பின்னால் வந்தது. முக்காலியிலிருந்து இறங்கினார். பிள்ளையைத் தரையில், பிரிட்ஜுக்கு எட்டாத கோடியில் உட்காரவைத்து மறுபடி ஏறினார். அவள் உடனே எழுந்து பிரிட்ஜைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள், தடுமாறி, கையை விரித்து, போனில் பார்த்த அதே நடை. அவ்வளவு ஆசைப்பட்ட நடை. போகாதே, தங்கம், போகாதே. கட்டையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை, உப்பு பூத்து இறுகிக் கிடந்தது. திருகி இழுத்தார். நகம் பிய்ந்தது. கட்டை கையோடு வந்தது. அப்போது பக்கத்து வீட்டு டிவி பாதிப் பாட்டிலிருந்து அலறியது, தெருவில் பையன்கள் ஓவென்று கத்தினார்கள், எங்கேயோ மோட்டார் ஓட ஆரம்பித்தது. மிலா பிரிட்ஜ் கதவில் ரெண்டு கையையும் வைத்துக் கன்னத்தையும் வைத்துச் சாய்ந்து நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. பிரிட்ஜ் முனகக்கூட இல்லை. அவர் முக்காலியிலேயே நின்றார், எவ்வளவு நேரமோ, இறங்க வேண்டும் என்பது மறந்துபோய்.

மாதா படத்தைச் சரியாக மாட்டிவிட்டு இறங்கி, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். கட்டையை வேட்டி மடிப்பில் செருகினார். அதற்குள் மனசு அடுத்த வேலையை ஆரம்பித்துவிட்டது, பாருங்கள் மனுஷன் மனசை: நம்ம லைனில் மட்டும் கோளாறாம், காலையில் வந்து பார்ப்பார்களாம், அதுவரை மாடிக்காற்றில் படுக்கலாம், அப்புறம் நாளைக்கு இவர்கள் கோயிலுக்குப் போகும்போது ஒரு பியூஸ் கம்பி வாங்கி, ஊசியை எடுத்துவிட்டு, பிரிட்ஜ் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு. நன்றாகத்தான் கோத்தது. வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஆஸ்லின் மக்ரூன் பொட்டலத்தோடு வந்தாள். "தெரு பூரா கரண்டு வந்துருக்கு, நம்ம வீட்டுல ஏம்ப்பா இன்னும் வரல?" "நம்ம லைனு மட்டும்" என்று ஆரம்பித்தார். பின்னால் வந்த பிலோமி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நேரே சமையல்கட்டுக்குப் போனாள். பைக்குள் கையை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளங்கை அளவுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. நீல வார். குனிந்து, அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து பெரிய செருப்பையும் எடுத்து, பிரிட்ஜ் முன்னால் ரெண்டு ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள், சரியாக, விரல்பக்கம் பிரிட்ஜைப் பார்த்து.

"எதுக்கும்மா இது?" என்றாள் ஆஸ்லின்.

"பிள்ளைக்கு."

"வீட்டுக்குள்ளயா?"

புருஷன் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் பிலோமி சின்னச் செருப்பைக் கையில் எடுத்தாள். வார் கொஞ்சம் இறுக்கமோ என்று விரலை விட்டுப் பார்த்தாள். ஆஸ்லின் சின்னச் செருப்பைப் பார்த்தாள், வெள்ளைச் சுவிட்சைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "பிள்ளைய என்கிட்டத் தாங்க" என்றாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவர் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கும்போது அவள் கை அவர் மேல் படாமல் வாங்கியது. மிலா மட்டும் செருப்பை நோக்கிக் காலை உதறினாள். புதுசு, நீலம், அவளுக்கானது.

லைனு மட்டும் என்ற பாதிப் பேச்சு இன்னும் அவர் வாயில் இருந்தது. முழுங்கினார். வேட்டி மடிப்பிலிருந்து கட்டையை எடுத்து, மக்ரூன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். கறுத்துப்போன கொண்டை ஊசி வெளியே தெரிந்தது. பிலோமி அதைப் பார்த்துவிட்டுத் தன் பின்கழுத்தைத் தடவிக்கொண்டாள். "நான் ஒண்ணும் மாத்தல, ஆஸ்லின். சுவிட்ச மட்டுந்தான்" என்றார். அவள் பிள்ளையோடு வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். அவர் போனை எடுத்தார். நம்பர் இருந்தது, இத்தனை வருஷமாக இருந்தது. மணி அடித்தது. "சார்? சாப்பிட்டியளா சார்?" என்றது அந்தப் பக்கம். சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏல செல்வின், ஒம்பதாம் வகுப்புல நீ ஒரு பதிலு சொன்னேல்லா, நான் பெஞ்சு மேல ஏத்துனேன்லா. அந்தப் பதிலு எங்க வீட்டு மெயின் போர்டுல இருக்குல. பெட்டிய எடுத்துட்டு வா. வரும்போது ஒளிஞ்சு வராத, யாரு கேட்டாலும் மச்சாது சார் வீட்டுக்குன்னு சொல்லிட்டே வா."

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் இதை நான் சொன்னேன் என்று வெளியே விட்டுவிடாதீர்கள், ஐயா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். தினம் சாயங்காலம் கடற்கரையில் அவர் பக்கத்தில் உட்காருகிறவன் நான். அவருக்குத் தெரிந்தால் பெஞ்சில் எனக்கு இடம் கிடையாது. என் வீட்டுப் பியூஸ் கட்டையில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டுவிட்டால், அதற்கும் என்னிடம் பதில் கிடையாது.